லான்சியா ஆரேலியா பி24 ஸ்பைடர் வாங்குவது எப்படி? சேஸி எண் முதல் சாலை ஓட்டம் வரை முழுமையான வழிகாட்டி

1950களின் இத்தாலியத் திறந்த காரான லான்சியா ஆரேலியா பி24 ஸ்பைடர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார்கள். அது இயல்புதான். உலகில் முதன்முதலாகத் தொடர் உற்பத்திக்கு வந்த வி6 என்ஜின் ஆரேலியா வரிசையில்தான் இடம்பெற்றது. ஆனால் வாங்குபவர் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அந்த என்ஜினைத்தான். பழுதான ஆரேலியா என்ஜினைப் பணமும் பொறுமையும் இருந்தால் மீட்டுவிடலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த பி20 கூப்பே கார்கள் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தயாரிக்கப்பட்டன. அதனால் இயந்திர உறுப்புகளும், அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் இன்றும் கிடைக்கின்றன. ஸ்பைடரின் உடல் அப்படியல்ல. உலகம் முழுவதற்கும் சேர்த்து 240 கார்களே செய்யப்பட்டன. அந்த உடலின் ஒரு பம்பர் காணாமல் போனால்கூட அதை ஈடுகட்டுவது பெரும்பாடு. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் அடையாளம், பிறகு உடல், அதன்பின் பின்பாதி இயந்திரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் என்ஜின்.

எதை வாங்குகிறோம்?

ஆரேலியா 1950இல் துரின் மோட்டார் கண்காட்சியில் பி10 என்ற நான்கு கதவு செடானாக அறிமுகமானது. நிறுவனர் வின்சென்சோ லான்சியா 1937இல் மறைந்துவிட்டார். ஆரேலியாவின் காலத்தில் பொறுப்பில் இருந்தவர் அவருடைய மகன் ஜியான்னி லான்சியா. ஆல்ஃபா ரோமியோவின் புகழ்பெற்ற பந்தயக் கார்களை வடிவமைத்த வித்தோரியோ யானோ அங்கே தலைமைப் பொறியாளர். 60 பாகைக் கோணத்தில் சாய்ந்த ஆறு சிலிண்டர் என்ஜினைக் கணக்குப் போட்டு உருவாக்கியவர் ஃபிரான்செஸ்கோ தே விர்ஜிலியோ. தொடக்கத்தில் 1,754 சிசியாக இருந்த அந்த என்ஜின், 1953இல் பி20 கூப்பேயின் மூன்றாம் தொடரில் 2,451 சிசியாக வளர்ந்தது.

பந்தயத்திலும் இந்தக் கார் சாதித்தது. 1951 மில்லே மிலியா பந்தயத்தில் தன்னைவிடப் பெரிய என்ஜின் கொண்ட ஃபெராரி ஒன்றுக்கு மட்டுமே பின்தங்கி பி20 இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 1952இல் ஃபெலிச்சே பொனெத்தோ அதில் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றார். 1954 மான்டி கார்லோ ராலியை லூயி ஷிரோன் பி20இல் வென்றார்.

அந்த இயந்திரத்தைக் குறுக்கிய அடித்தளத்தில் வைத்து, அதன்மேல் பினின் ஃபரினா போர்த்திய திறந்த உடல்தான் பி24 ஸ்பைடர். 1955 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதால் ‘ஸ்பைடர் அமெரிக்கா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மேக்ஸ் ஹாஃப்மன் வழியாகத்தான் பல கார்கள் அங்கே போயின. ஆனால் 1955 லான்சியாவுக்குச் சோதனையான ஆண்டு. பந்தயச் செலவு நிறுவனத்தின் முதுகை ஒடித்தது. குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் நழுவியது. பந்தயக் கார்கள் ஃபெராரியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஸ்பைடரின் உற்பத்தியும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1956 முதல் 1958 வரை பி24 கன்வெர்ட்டிபிள் என்ற மாற்றியமைத்த வடிவம் வந்தது. அது 521 கார்கள்.

முதல் படி: ஸ்பைடரா, கன்வெர்ட்டிபிளா?

இரண்டுக்கும் பெயரும் தோற்றமும் நெருக்கமானவை. விலையோ வெகு தூரம். நல்ல ஸ்பைடர்கள் ஏலங்களில் 10 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கின்றன. கன்வெர்ட்டிபிள் அதில் பாதியைத் தொடுவதே அரிது. விளம்பரங்களில் இரண்டையும் ‘பி24’ என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். எனவே படத்தைப் பார்த்ததுமே பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்கண்ணாடியில் தொடங்குங்கள். ஸ்பைடரின் முன்கண்ணாடி இரு ஓரங்களிலும் வளைந்து பின்னோக்கித் திரும்பும். அதன் தூண்களும் அந்த வளைவோடு சேர்ந்து முன்புறம் சாயும். கன்வெர்ட்டிபிளில் சாதாரணத் தூண்கள் இருக்கும். அவற்றையொட்டிச் சிறு முக்கோணக் கண்ணாடிகளும் இருக்கும். அடுத்து கதவு. ஸ்பைடரின் கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். சுழற்றி ஏற்றும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் தனியாகப் பொருத்தும் பக்கத் திரைகள்தான். கன்வெர்ட்டிபிளில் கைப்பிடியும் உண்டு, ஏறி இறங்கும் கண்ணாடியும் உண்டு. மூன்றாவது பம்பர். ஸ்பைடரின் முன்பம்பர் நடுவில் பிளவுபட்டு, வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல் இரு பக்கமும் விரியும். கன்வெர்ட்டிபிளுக்கு ஒரே துண்டு.

அன்றாடம் ஓட்டுவதற்குக் கன்வெர்ட்டிபிளே வசதியான கார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார இடம் தாராளம், மழைக்குப் பாதுகாப்பு, என்ஜினின் திறன் சற்றே குறைக்கப்பட்டிருந்தாலும் சாலையில் அது பெரிதாகத் தெரியாது. ஓட்டுவதற்காக மட்டும் வாங்குபவர் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஸ்பைடரின் தோள்பட்டையிலிருந்து பின்சக்கரத்தின்மேல் ஏறி இறங்கும் அந்தக் கோட்டை ஒருமுறை நேரில் பார்த்தவர்களுக்கு வசதிக் கணக்கு எடுபடாது. அதை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன். 1950களின் இத்தாலிய உடல்களில் இதைவிடத் தூய்மையான வடிவம் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

இரண்டாம் படி: எண்களைப் படிப்பது

240 ஸ்பைடர்களில் 181 கார்கள் இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. அவற்றின் சேஸி எண் ‘பி24எஸ்’ என்று தொடங்கும். மீதி 59 கார்கள் வலப்பக்க ஸ்டீயரிங். அவற்றின் எண் எஸ் இல்லாமல் ‘பி24’ என்று தொடங்கும். வலப்பக்க ஸ்டீயரிங் என்றதும் இங்கிலாந்துக்குப் போன கார் என்று நினைத்துவிடக் கூடாது. இத்தாலியில் சாலையின் வலப்பக்கம் ஓட்டினாலும், லான்சியா தன் கார்களுக்கு வலப்பக்க ஸ்டீயரிங்கையே நெடுங்காலம் வழக்கமாக வைத்திருந்தது. மலைச்சாலைகளில் ஓரத்தைப் பார்த்து ஓட்ட அது வசதி என்று வாடிக்கையாளர்கள் விரும்பினார்கள். ஆகவே பிறந்ததிலிருந்து இத்தாலியிலேயே வாழ்ந்த வலப்பக்க ஸ்டீயரிங் ஸ்பைடர் என்பது முற்றிலும் இயல்பானது.

இரு வகைகளுக்கும் எண் வரிசை தனித்தனி என்பதால் முன்னொட்டு இல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். காரின் மேல் குத்தப்பட்ட எண்ணையும் பதிவுத் தாளில் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். குத்தப்பட்ட எழுத்துகளின் ஆழம், இடைவெளி, சுற்றியுள்ள உலோகத்தின் பரப்பு ஆகியவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் தேய்த்த தடமோ, வெல்டிங் கோடோ, மற்ற இடத்தைவிடத் தடித்த பெயிண்டோ தெரிந்தால் அதற்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

என்ஜின் எண் சேஸி எண்ணோடு ஒன்றாக இருக்காது. லான்சியா இரண்டையும் ஒரே எண்ணாகக் குத்தவில்லை. ‘எண் பொருந்துகிறது’ என்று விற்பவர் சொன்னால், தொழிற்சாலைப் பதிவில் இந்தச் சேஸிக்கு எழுதப்பட்ட என்ஜின் எண் இதுதான் என்பதே அதன் பொருள். அந்தப் பதிவைக் காட்டாத வரை அது வெறும் வாய்ச்சொல். லான்சியாவின் இன்றைய உரிமையாளரான ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்துக்குத் துரினில் உள்ள ஹெரிடேஜ் அமைப்பு பழைய லான்சியா கார்களுக்குத் தயாரிப்பு விவரச் சான்றிதழ் வழங்குகிறது. அதை விற்பவர் முன்பே வாங்கி வைத்திருக்கலாம். இல்லையென்றால் விலை பேசத் தொடங்கும் முன் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது எண் வரிசை ஒன்று உண்டு; இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பினின் ஃபரினா தொழிற்கூடத்தில் தகடுகளைக் கையால் தட்டிப் பொருத்தினார்கள். ஒரு காரின் கதவு இன்னொரு காரில் சரியாக உட்காராது. அதனால் எந்தத் துண்டு எந்த உடலுக்கு உரியது என்று தெரிவதற்காகக் கதவு, பானெட், டிக்கி மூடி, அலங்காரப் பட்டைகள் போன்றவற்றின் மறைவான ஓரங்களில் உடல் எண்ணைக் குறித்தார்கள். ஒரே எண் பல துண்டுகளிலும் கிடைத்தால் அந்த உடல் பிரியாமல் வாழ்ந்திருக்கிறது என்று நம்பலாம். இந்தக் காருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பது என் கருத்து. கதவின் உள்ளட்டையைக் கழற்றிப் பார்க்க விற்பவர் மறுத்தால் அங்கேயே யோசிக்க வேண்டும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை இவ்வளவு ஏறிய பிறகு, ஆரேலியா செடானின் இயந்திரத்தை எடுத்துப் புதிய ஸ்பைடர் உடல் செய்து பூட்டுவது லாபமான வேலையாகிவிட்டது. மறுஉருவாக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் ஆபத்து. முதல் சோதனைக்கு ஒரு அளவுநாடா போதும். ஸ்பைடரின் சக்கர இடைத்தூரம் 2,450 மில்லிமீட்டர். பி20 கூப்பேக்கு 2,660. செடான்கள் அதைவிடவும் நீளம். அளவு சரியாக இருந்தால் மட்டும் மெய் என்று ஆகிவிடாது, வெட்டிக் குறுக்கியிருக்கலாம். அதனால்தான் தரைத்தகட்டின் அடியில் படுத்து, காரின் நடுவே நீளவாக்கில் ஓடும் நடுச் சுரங்கத்திலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் குறுக்கு வெல்டிங் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சின்னச் சான்று ஒன்றும் உதவும். உடல் செய்த நிறுவனத்தின் பெயர் அந்தக் காலத்தில் ‘பினின் ஃபரினா’ என்று இரண்டு சொல்லாக எழுதப்பட்டது. 1961இல்தான் ஒரே சொல்லானது. 1955 காரில் ஒரே சொல்லாக எழுதிய பட்டை இருந்தால், அது பின்னாளில் ஒட்டியது.

மூன்றாம் படி: காகிதங்கள்

இத்தாலியில் பதிவான கார் என்றால் பொது வாகனப் பதிவகத்திலிருந்து காலவரிசைப் பிரதி ஒன்றைப் பெறலாம். முதல் உரிமையாளரிலிருந்து வரிசையாகக் கை மாறிய விவரம் அதில் இருக்கும். பழைய கறுப்பு நிற எண் பலகை இன்னும் காரில் இருந்தால் மதிப்பு கூடுதல். அந்தக் கார் அந்த மாகாணத்தை விட்டு நிரந்தரமாகப் பெயர்ந்ததில்லை என்பதற்கு அது அடையாளம்.

அமெரிக்கக் கார்களின் கதை வேறு. அங்கே உரிமைச் சான்றில் உள்ள ஆண்டு பெரும்பாலும் முதல் விற்பனை ஆண்டாக இருக்கும். எனவே 1955இல் செய்த கார் 1956 என்று பதிவாகியிருந்தால் உடனே பதறத் தேவையில்லை. சேஸி எண்தான் பேச வேண்டும். இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறி, பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து, உரிமைச் சான்றே தொலைந்த கார்களும் அங்கே உண்டு. பழைய படங்கள், பட்டறை ரசீதுகள், காப்பீட்டுத் தாள்கள் என்று எது கிடைத்தாலும் ஆண்டு வாரியாக அடுக்குங்கள். இடையில் பத்துப் பதினைந்து ஆண்டு வெற்றிடம் இருந்தால், அப்போது கார் எங்கே இருந்தது என்று கேளுங்கள். ‘தெரியாது’ என்பதும் நேர்மையான பதில்தான். ஆனால் அந்தப் பதிலுக்கு ஏற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

இத்தாலிக்குள் இருக்கும் காரை வாங்கி வெளியே கொண்டுபோகத் திட்டமிட்டால் ஒரு சட்டத்தைக் கவனியுங்கள். 75 ஆண்டைக் கடந்த வாகனங்கள் அங்கே பண்பாட்டுப் பொருட்களுக்கான விதிகளின் கீழ் வருகின்றன. வெளியே அனுப்ப அனுமதி தேவை. 1955இல் பிறந்த கார்கள் 2030இல் அந்த வயதை அடைகின்றன.

மில்லே மிலியா போன்ற நினைவு ஓட்டங்களில் சேர ஆசைப்படுபவர்கள், பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பின் அடையாள அட்டை காருக்கு இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். அசல் மில்லே மிலியா 1957 வரை நடந்தது. அந்தக் காலத்து மாடல்களுக்கே இன்றைய ஓட்டத்தில் இடம் என்பதால், இந்தக் காருக்கு அங்கே தகுதி இருக்கிறது. விலை உயர்வதற்கு இதுவும் காரணம்.

நான்காம் படி: உடல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். அரை நாள் ஆனாலும் சரி. காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க முடியாத இடத்தில் உடல் சோதனை செய்ததாகவே கொள்ளக்கூடாது.

ஆரேலியாவில் தனிச் சட்டகம் இல்லை; தரையும் பக்கவாட்டுப் பெட்டிகளும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஸ்பைடருக்குக் கூரை இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளும் நடுச் சுரங்கமும்தான் முழு முறுக்கத்தையும் தாங்குகின்றன. அவற்றில் துரு பிடித்தால் கார் நடுவில் தொய்கிறது. கார் சக்கரத்தின் மேல் நிற்கும்போது கதவின் பின்னோரத்து இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் தொய்வு என்று பொருள். கதவைத் திறந்து மூடும்போது பூட்டு தானாகச் சேர்கிறதா, தூக்கித் தள்ள வேண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு லிஃப்டில் ஏற்றி, அதே இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தால் அந்த உடல் வலுவிழந்திருக்கிறது.

துரு தேட வேண்டிய மற்ற இடங்கள்: முன்கதவுத் தூணின் அடிப்பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டுப் பெட்டி முடியும் முனை, டிக்கியின் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி, கதவின் அடி மடிப்பு. துணிக் கூரை எளிமையானது. பக்கத் திரைகள் மழையை முழுதாகத் தடுக்காது. ஆகவே தண்ணீர் உள்ளே புகுந்து விரிப்பின் அடியில் தேங்கியே தீரும். விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவியைக் கொண்டு முழு உடலையும் சதுரம் சதுரமாக அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிங்கரிங் வேலை நடந்த இடமும் பட்டி நிரப்பிய இடமும் எண்ணாகத் தெரிந்துவிடும். சில இடங்களில் ஈயம் நிரப்பியிருப்பது அந்தக் காலத் தொழிற்கூட வழக்கம்தான்; அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் கையளவு பரப்புக்குத் தடிமனான பட்டி இருந்தால், அதன் அடியில் இருப்பது உலோகமா ஓட்டையா என்று தெரிந்தாக வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சிவப்பு என்ற எண்ணத்தில் விற்பனைக்காகச் சிவப்படித்த கார்கள் நிறைய. டேஷ்போர்டின் அடியிலும், இருக்கைகளின் கீழும், உள்ளட்டைக்குப் பின்னாலும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். அடர்நீலத்திலோ சாம்பலிலோ இந்த வடிவம் இன்னும் அழகாகத் தெரிகிறது என்பது என் கண்ணின் தீர்ப்பு. எப்படியிருந்தாலும் பிறந்த நிறத்திலேயே இருக்கும் கார்தான் சேகரிப்பாளர் சந்தையில் முன்னால் நிற்கும்.

ஐந்தாம் படி: கிடைக்காத பொருட்கள்

வளைந்த முன்கண்ணாடி, அதன் குரோம் சட்டம், பிளவுபட்ட பம்பர்கள், பக்கத் திரைகள், கூரையின் கம்பிக்கூடு, மீட்டர்கள், விளக்குகளின் வளையங்கள். இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் விளிம்போரம் கீறலோ பால்போல் வெளிறிய அடுக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தை அமர்த்தும் திருகுகள் அசலா என்றும் பாருங்கள். முன்கண்ணாடியைக் கழற்றிப் பூட்டுவது இந்தக் காரில் மிகவும் நடுங்க வைக்கும் வேலை. பக்கத் திரையும் கூரையும் தேவைப்படுவதில்லை என்று பலர் வீட்டு மூலையில் போட்டுத் தொலைத்துவிட்டார்கள். அவை காரோடு வருகின்றனவா என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அசல் பொருள் இல்லாமல் புதிதாகச் செய்து பூட்டியிருந்தால் வாங்கக்கூடாது என்றில்லை. எவை புதிது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: பின்பாதி

ஆரேலியாவில் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கின்றன. பின் பிரேக் டிரம்களும் சக்கரத்தில் இல்லை. அந்தக் கூட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கின்றன. எடை முன்னும் பின்னும் சமமாகப் பிரிவதற்காகவும், சக்கரங்களோடு ஆடும் எடை குறைவதற்காகவும் செய்த ஏற்பாடு இது. 1950களில் இப்படி யோசித்துத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த துணிச்சலை இன்றும் வியக்கிறேன். ஆனால் பராமரிப்பவருக்கு அது விலை வைத்திருக்கிறது.

கிளட்ச் பின்னால் இருப்பதால், என்ஜின் ஓடும்போதெல்லாம், அதன் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் என்ஜின் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கார் நின்றிருந்தாலும்தான். அதன் சமநிலை கடுகளவு பிசகினாலும் உடல் முழுவதும் அதிரும். அதிலுள்ள ரப்பர் இணைப்புகள் வயதாகி வெடித்திருக்கும். காரை நிறுத்தி வைத்து என்ஜினை மெதுவாக 1,000இலிருந்து 3,000 சுற்று வரை ஏற்றச் சொல்லுங்கள். இருக்கையில் உட்கார்ந்து, கையை நடுச் சுரங்கத்தின் மேல் வையுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் நடுக்கம் வந்து போனால் ஷாஃப்ட்டையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். எங்கேயோ வாங்கிய பொது ரப்பரைப் பூட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சரியான கடினம் இல்லாத ரப்பர் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி கிழியும்.

டிஃபரென்ஷியலின் எண்ணெய் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக் டிரம்முக்குள் போகும். ஆகவே பின்கூட்டின் இரு பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால் மட்டும் அந்தப் பிரேக்கைப் பார்த்துவிட முடியாது. இடம் இடுக்கானது, வேலை நேரம் எகிறும். அதனாலேயே பல ஆண்டுகள் யாரும் கை வைக்காமல் விட்டிருப்பார்கள். கடைசியாக எப்போது பின் பிரேக் கழற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை உங்கள் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். கிளட்ச் மாற்றவும் இந்த முழுக் கூட்டையும் இறக்க வேண்டும். இரண்டு வேலையையும் சேர்த்தே செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பின் சஸ்பென்ஷன், இரு பின்சக்கரங்களையும் ஒரு குழாயால் இணைக்கும் டி டியோன் அச்சும் இலைவில்லும் கொண்டது. ஆரம்பகால ஆரேலியாக்களில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தனித்தனியாகத் தாங்கிய சாய்ந்த கைகளைவிட இது ஓட்டத்தில் அடக்கமானது. 1954இலிருந்து பி20க்கும் இதையே வைத்தார்கள்.

ஏழாம் படி: முன் சஸ்பென்ஷனும் டயரும்

முன்சக்கரங்களைத் தாங்குவது வழுக்குத் தூண் அமைப்பு. லான்சியா 1922இல் லாம்ப்டா காரிலேயே கொண்டுவந்து நெடுங்காலம் விடாமல் பிடித்திருந்த ஏற்பாடு இது. தூணுக்குள் வில்லும் எண்ணெயும் இருக்கும். எண்ணெய் வற்றினால் உள்ளே உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தூணின் அடியில் எண்ணெய் வழிந்த தடம், ஓட்டும்போது கட்டை போன்ற இறுக்கம் இரண்டும் கெட்ட அறிகுறிகள். கிரீஸ் திணித்து எண்ணெய்க்கு ஈடாக வைத்திருப்பார்கள். அது தற்காலிக மறைப்புதான்.

டயர் அளவு 165-400. சக்கர விட்டம் அங்குலத்தில் அல்ல, மில்லிமீட்டரில். மிஷலின் நிறுவனம் தன் பழைய கார் பிரிவில் இந்த அளவை இன்றும் செய்கிறது. ஆகவே வேறு விட்டச் சக்கரம் பூட்டிய காருக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

எட்டாம் படி: இனி என்ஜின்

2,451 சிசி, சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர், வீச்சு 85.5. ஸ்பைடரில் 118 குதிரைத்திறன், 5,000 சுற்றில். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். சிலிண்டரின் உள்ளுறைகளான லைனர்கள் இரும்பு, அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். இந்தச் சேர்க்கையில்தான் இதன் பலவீனமும் இருக்கிறது. பல ஆண்டுகள் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரில் அலுமினியம் அரித்திருக்கும். லைனரின் அடியில் வண்டல் படிந்து சூடு வெளியேறாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய்க்கோலை உருவிப் பால்நிறக் கலப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லைனரின் அடிச் சீல் கெட்டால் தண்ணீர் நேராக எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும்.

ஆறு சிலிண்டருக்கும் அழுத்தச் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எண்களின் அளவைவிட, ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

கார்புரேட்டர் அசலில் ஒற்றை வெபர். துரினைச் சேர்ந்த என்ரிக்கோ நார்டி அந்தக் காலத்திலேயே இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தும் தொகுதி விற்றார். அசல் நார்டி தொகுதி இருந்தால் சேகரிப்பாளர்கள் அதைக் குறையாக எண்ணமாட்டார்கள், மதிப்புக் கூடுதலே. ஆனால் பின்னாளில் அதே மாதிரி வார்த்த நகல்களும் உண்டு. தொழிற்சாலையில் இருந்த ஒற்றைக் கார்புரேட்டரும் அதன் மேனிஃபோல்டும் பெட்டியில் வைத்துத் தரப்படுகின்றனவா என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: ஓட்டிப் பார்ப்பது

நீங்கள் போகும் முன் என்ஜினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பி, எண்ணெய் அழுத்தம் எவ்வளவு விரைவில் எழுகிறது என்று பாருங்கள். புறப்பட்டதும் இரண்டாம் கியருக்கு அவசரமில்லாமல் மாற்றுங்கள். எண்ணெய் சூடாகும் வரை சற்று முரண்டு பிடிப்பது இயல்பு. சூடான பிறகும் பல் உரசினால், கியர் பற்களை வேகம் ஒத்துச் சேரவைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. நின்ற பிறகே போட வேண்டும்.

நல்ல ஆரேலியா எப்படி இருக்க வேண்டும் என்றால், என்ஜின் இழுப்பு 2,000 சுற்றிலேயே தொடங்கி ஒரே சீராக மேலேறும். சத்தம் உறுமலாக இருக்கும், கரகரப்பாக இருக்காது. வளைவில் முன்பக்கம் இலேசாகத் திரும்பும், பின்பக்கம் சொன்னபடி தொடரும். மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வரை போகக்கூடிய கார் இது. அந்த வேகத்தை நீங்கள் சோதிக்கத் தேவையில்லை. 80இலிருந்து 100 வரை ஓட்டினாலே ஷாஃப்ட்டின் நடுக்கம் தெரிந்துவிடும். நேர்ச்சாலையில் பிரேக்கை அழுத்தி, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். நான்கும் டிரம் பிரேக்குகள். அழுத்தம் அதிகம் கேட்கும், ஆனால் நேராக நிற்க வேண்டும். ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நெரிசலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வெப்ப மீட்டரைக் கவனியுங்கள்.

பத்தாம் படி: விலை

மேலே எழுதிய ஒவ்வொரு படியிலும் குறித்த குறைகளுக்கு, ஆரேலியா வேலை தெரிந்த பட்டறையிடம் மதிப்பீடு வாங்குங்கள். பொதுவான பழைய கார் பட்டறையின் மதிப்பீடு இங்கே உதவாது. பின்கூட்டையும் வழுக்குத் தூணையும் திறந்து பார்க்காதவர்கள் நேரத்தைக் குறைத்தே சொல்வார்கள். இயந்திரக் குறைகளுக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். உடல் எண் பொருந்தாதது, முன்கண்ணாடிச் சட்டம் அசலல்லாதது, சேஸி எண்ணில் ஐயம் ஆகியவற்றுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பளபளவென்று புதிதாக மீட்டமைத்த காரையும், பெயிண்ட் மங்கிய ஆனால் யாரும் கலைக்காத காரையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன். மீட்டமைப்பில் எதை மறைத்தார்கள் என்று தேட வேண்டியதில்லை.

ஏலத்தில் வாங்குவதானால், அறிவித்த தொகைக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் வரை வாங்குபவர் கட்டணம் சேரும். அதன் மேல் போக்குவரத்து, சுங்கம், வரி. இவற்றைக் கழித்துவிட்டு உங்கள் உச்சவரம்பை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஏல அட்டவணையில் ‘என்று நம்பப்படுகிறது’, ‘என்று கூறப்படுகிறது’ போன்ற சொற்கள் வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். ஏல நிறுவனம் பொறுப்பேற்காத இடங்கள் அவைதான்.

வாங்கிய பிறகு

முதல் மாதத்தில் எல்லாத் திரவங்களையும் மாற்றுங்கள்: என்ஜின் எண்ணெய், பின்கூட்டு எண்ணெய், பிரேக் திரவம், அலுமினியத்துக்கு ஏற்ற குளிர்விப்பு திரவம், முன்தூண்களின் எண்ணெய். பிரேக் குழாய்களின் வயது தெரியவில்லையென்றால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். காப்பீட்டை, இழப்பு நேர்ந்தால் தரப்படும் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் வகையில் எடுங்கள். சந்தை மதிப்பு என்று பொதுவாக எழுதினால், 240 மட்டுமே உள்ள காருக்குச் சந்தை மதிப்பை யார் எப்படி நிரூபிப்பது?

மாதம் ஒருமுறையாவது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்றே கிடந்தால் பின்கூட்டின் சீல்கள் உலர்ந்து கசியத் தொடங்கும்; முன்தூண்களும் இறுகும். கழற்றும் ஒவ்வொரு அசல் திருகையும் பட்டையையும் எண்ணிட்டுப் பையில் போட்டு வையுங்கள். செய்த வேலைக்கெல்லாம் தேதியிட்ட படமும் ரசீதும் சேர்த்து, முந்தைய உரிமையாளர் தந்த கோப்பின் தொடர்ச்சியாகவே அடுக்குங்கள்.